ஹுசைன் பள்ளிவாசலுக்கு எவ்வளவு தூரம்?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கோபுரம், வைகை, ஜிகர்தண்டா எல்லாம் ஆஜர். ஆள்தான் யாரும் வரவில்லை. சொந்த ஊரை நாவலாக்க நினைக்கிற நீ, கெய்ரோக்காரர் நாகிப் மஹ்ஃபூஸைப் படித்துவிட்டு மேலே எழுது.

1911இல் பழைய கெய்ரோவின் கமாலிய்யா பகுதியில் பிறந்தவர். நாவல்கள் பேர் வாங்கித் தந்த பிறகும், ஓய்வுபெறும் வரை அரசாங்க உத்தியோகத்தை விடவில்லை. வெளியூர்ப் பயணம் என்றாலே ஆகாது. 1988இல் நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமுக்கு மகள்களைத்தான் அனுப்பினார். ஆரம்பத்தில் பாரோ மன்னர்களை வைத்து மூன்று நாவல் எழுதினார். அந்த வரிசையை நீட்டவும் திட்டமிருந்தது. நல்லவேளை, அதைக் கைவிட்டுத் தன் தெருப்பக்கம் வந்தார்.

1956, 57இல் வெளியான கெய்ரோ முத்தொகுதியின் பாகங்களுக்கு அந்த வட்டாரத்து இடப்பெயர்களையே சூட்டினார். முதல் பாகத்தில் வரும் ஆமினாவைக் கவனி. நள்ளிரவில் கணவனுக்காக விழித்திருந்து, மரச்சல்லடைச் சன்னல் வழியே தெருவைப் பார்ப்பாள். அவளுக்கு வாய்த்த கெய்ரோ அவ்வளவுதான். மொட்டைமாடியில் கோழியும் புறாவும் வளர்க்கிறாள். அங்கிருந்து மினாராக்களைப் பார்த்து ஏங்குவாள். ஹுசைன் பள்ளிவாசல் நடந்து போகிற தூரம்தான். ஆனால் கல்யாணமாகி 25 வருஷமாகியும் போனதில்லை, கணவர் விட்டால்தானே! அவர் போர்ட் சயீதுக்குப் போன சமயம், பிள்ளைகள் தூண்டிவிட, கடைக்குட்டி கமாலுடன் அங்கே ஜியாரத்துக்கு, அதாவது புனிதத்தல தரிசனத்துக்கு, கிளம்புகிறாள். திரும்பும் வழியில் கார் இடித்துக் காறை எலும்பு முறிகிறது. ஊர் திரும்பிய கணவர் எலும்பு கூடும்வரை பொறுத்திருக்கிறார். பிறகு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அதே மனிதர்தான் இரவெல்லாம் பாட்டும் மதுவுமாகக் கெய்ரோவில் சுற்றுகிறவர். அவள் போகக்கூடாத இடம் என்பதால்தான் அந்தப் பள்ளிவாசல் நம் கண்ணில் நிற்கிறது. கட்டட வர்ணனை பத்துப் பக்கம் எழுதினாலும் இது வராது.

1947இல் வந்த ‘மிதக் சந்து’ நாவலில் ஸைத்தா என்றொருவன். பிச்சையெடுக்க வருபவர்களுக்கு ஆளுக்கேற்ற ஊனத்தை உண்டாக்கித் தருவான். பதிலுக்குத் தினமும் காசு வாங்குவான். அதே சந்தின் நாவிதன் அப்பாஸ், ஹமீதாவைக் கட்டிக்கொள்ளப் பணம் சேர்க்க பிரிட்டிஷ் ராணுவ முகாமுக்கு வேலைக்குப் போகிறான். உலகப்போர் அந்தச் சந்துக்குள் வருவது சம்பளமாகத்தான். உன் தெருவிலும் யாருக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று முதலில் விசாரி.

1994இல் மஹ்ஃபூஸைக் கழுத்தில் கத்தியால் குத்தினார்கள். கை நரம்பு பாதிக்கப்பட்டது. அதன்பின் எழுதியவை பெரும்பாலும் சின்னச் சின்னக் கனவுக் குறிப்புகள். 2006இல் கெய்ரோவிலேயே காலமானார்.

‘மிதக் சந்து’ ஒரு வாரத்தில் முடியும், அதில் தொடங்கு. முத்தொகுதி ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதைப் பரீட்சை முடிந்த பிறகு எடு, இல்லாவிட்டால் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
மாமா