டீசல் அம்பாசடர் பம்ப் இறுகிவிட்டதா?

வருஷம் முழுக்கக் குலசேகரன்பட்டினத்துக் கடல் காற்றில் நின்ற பழைய 1489 சிசி டீசல் அம்பாசடரை, முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எடுத்தால் செல்ப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. உடனே பம்பைக் கழற்றாதீர்கள். முதலில் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். துருவேறி இழுத்த இடத்திலேயே நிற்கும். 'பம்ப் ஜாம்' என்று பயந்த பல நேரம் இவ்வளவுதான்.

அடுத்து, டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். ரோட்டரி பம்புக்கு டீசல்தான் மசகு. நாள்பட்ட டீசல் பிசினானால் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்ளும். புது டீசலை பம்புக்குள் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மேலே லேசாகத் தட்டலாம். சுத்தியல் மட்டும் வேண்டாம்.

காலையில் நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் சுற்றுங்கள். கனமாக முட்டினால் விட்டுவிடுங்கள். அதற்குமேல் செல்ப் அடித்தால் பம்பின் டிரைவ் ஷாப்ட் முறியலாம். தூத்துக்குடிக்கு, பம்ப் சர்வீஸ் தெரிந்தவரிடம் போவதே மேல். கழற்றுமுன் பம்பையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு கோடு கீறிவையுங்கள், டைமிங் மாறாது.

இலகுவாகச் சுற்றினால் ஏர் எடுங்கள்: பில்டர், பம்ப், கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகள். பீய்ச்சும் டீசலில் விரல் வைக்காதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.