மாந்தோப்பு எஞ்சினில் மசியாத நட்

கேள்வி: ராஜபாளையம் மலையடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு. கிணற்று டீசல் எஞ்சினைப் பிரித்தபோது ஹெட் நட் ஒன்று மட்டும் அசையவில்லை. ஸ்பேனரில் பைப் செருகி அழுத்தலாமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். பைப் நீளம் கூடக் கூட ஸ்டட் முறுக்கிக்கொண்டு உடையும். உடைந்த துண்டு பிளாக்குக்குள் நின்றுவிட்டால் செலவு பல மடங்கு.

வயர் பிரஷால் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. துருப் பிடிப்பு விடும். ஆறு முனை சாக்கெட்டை மாட்டி, முதலில் மயிரிழை அளவு டைட் செய்து பிறகு கழற்றுங்கள். இந்த டைட் செய்வதைப் பலர் நம்புவதில்லை; ஆனால் இதில்தான் பாதி வேலை முடியும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. டீசல் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்தி, ஆயிலை நன்றாகத் துடைத்துவிட்டு, கேஸ் வெல்டிங் தீயை நட்டில் மட்டும் காட்டுங்கள். 12 மி.மீ. துளை 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.03 மி.மீ. விரியும். பிடி விட அதுவே போதும். வார்ப்பிரும்பு ஹெட்டில் தீ நின்றால் விரிசல் விழும், கவனம். சூடான மரையில் மெழுகுவர்த்தியை வைத்தால் உருகி உள்ளே இறங்கும்.

ஸ்டட் உடைந்தே போனால் உடைந்த துண்டைப் பிடுங்கும் ஈஸி அவுட் கருவியை நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். ராஜபாளையம் மில் ஊர், லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்காரரிடம் கொடுங்கள், உடைந்த முனையில் புது நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பி எடுப்பார்.