உயிரணுவினுள் ஓர் விளக்கு

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் முதலிய ஊர்களில் பட்டாசுத் தொழில் நிகழ்வதை யாவரும் அறிவர். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்து, பொறி பட்டவுடன் ஒளியும் ஓசையுமாகின்றது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் அவ்வூர் ஆலையில் நேர்ந்த வெடி பலருடைய உயிரைக் கவர்ந்தது. அம்மருந்தினுள் நிகழும் இரசாயனச் செயல் யாது? ஒரு பொருள் எலெக்ட்ரானை இழப்பதும் மற்றொன்று அதனைப் பெறுவதுமே. இழத்தலை ஆக்ஸிஜனேற்றம் என்றும், பெறுதலை ஒடுக்கம் என்றும் கூறுவர். இவ்விரண்டும் என்றும் உடன் நிகழ்வன.

இச்செயலே நம் உடலின் உயிரணுக்களிலும் இடையறாது நிகழ்கின்றதென்பது வியப்பன்றோ? பட்டாசில் ஒரு நொடியில் வெடித்துச் சிதறும் ஆற்றல், ஈண்டுப் படிப்படியாக வெளிப்பட்டு, உண்ட சோற்றை உழைப்பாக மாற்றுகின்றது. இதன் அளவு பிறழின் உயிரணு நலியும்.

இவ்வளவை அறிவது எங்ஙனம்? முன்னர் உயிரணுக்களை நசுக்கிச் சாற்றினைச் சோதித்தனர். நசுக்கியவுடன் காற்றுப் பட்டு உள்நிலை மாறிவிடும். பல அணுக்களின் சராசரியன்றித் தனியணுவின் நிலை புலனாகாது. வீட்டை இடித்துவிட்டு, அவ்வீட்டார் வாழ்ந்த வகையை வினவுதல் போல்வது இம்முறை.

இக்குறையை நீக்கியது கடல்வாழ் சொறிமீன் ஒன்றின் ஒளிரும் புரதம். அதனை ஷிமோமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் 1962-இல் அறிவித்தார். அதன் மரபணுவைப் பிற உயிர்களில் புகுத்தினும் அது ஒளிரும் என்பதைச் சால்ஃபீ 1994-இல் காட்டினார். அப்புரதத்தைப் பலவாறு திருத்தியமைத்தவர் ட்சியென். மூவரும் 2008-இல் இரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

2004-ஆம் ஆண்டளவில் ரெமிங்டன், ட்சியென் முதலியோர் அப்புரதத்தின் புறத்தே கந்தகம் பொருந்திய இரண்டு சிஸ்டீன்களை அருகருகே அமைத்தனர். ஆக்ஸிஜனேற்றம் மிகின் அவ்விரு கந்தக அணுக்களும் கைகோக்கும். ஒடுக்கம் மிகின் பிரியும். கைகோத்தபொழுது ஏறத்தாழ 400 நானோமீட்டர் ஊதா ஒளியாலும், பிரிந்தபொழுது 490 நானோமீட்டர் நீல ஒளியாலும் தூண்டப்பெற்று, மிகுதியாகப் பச்சை ஒளி உமிழும். இவ்விரண்டின் விகிதத்தைக் கணிப்பதால், புரதம் மிகினும் குறையினும் அளவு பிழைபடாது. மரபணுவே உள்ளே வைக்கப்படுதலின், உயிரணு தனக்குரிய விளக்கைத் தானே செய்துகொள்ளும். பட்டாசில் எரிந்தழியும் கந்தகம் ஈண்டு அழியாது நின்று செய்தி கூறுகின்றது.

இவ்விளக்கு நம் நாட்டிலும் ஏற்றப்பட்டது. உலகிலேயே காசநோயாளர் மிக்க நாடு இந்தியா. காசநோய்க் கிருமியை விழுங்கும் நம் வெள்ளணு, ஆக்ஸிஜனேற்றும் பொருள்களை அதன்மீது ஏவும். கிருமியோ மைக்கோதயால் என்னும் கந்தகப் பொருளைக் கேடயமாகக் கொள்ளும். அமித் சிங் என்பாரும் அவர்தம் துணைவரும் அக்கேடயத்தின் நிலையை உணர்த்தும் விளக்கொன்றை அமைத்து 2014-இல் வெளியிட்டனர். வெள்ளணுக்களுள் வாழும் கிருமிகள் யாவும் ஒருநிலையின அல்ல என்பதும், ஒடுக்கநிலை மிக்கவை மருந்துக்கு எளிதில் மடியா என்பதும் புலனாயின. பின்னர் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்ந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மலேரியாவுக்குரிய குளோரோகுவின் வெள்ளணுவின் உள்ளறைப் புளிப்பைத் தடுக்க, அக்கிருமிகளும் மருந்துக்கு இணங்கினவென்று எலிகளிலும் கினிப்பன்றிகளிலும் கண்டனர். மக்களுக்கு அது பயன்படுமா என்பதைத் தனியே சோதித்தல் வேண்டும். ஆயினும் எக்கிருமி ஏன் தப்புகின்றதென்று காண வழி பிறந்ததே பெரும்பேறு.

காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண்ணொருத்தியின் உவமையை நம் ஆண்டவர் அருளினார். அவள் வீட்டை இடித்தாளல்லள், விளக்கேற்றித் தேடினாள். உயிரை அழியாது உயிரின் மறையை அறிய முயலும் இவ்வாராய்ச்சியும் அவ்வழியதே. நெருப்பின் கொடுமையை நேரிற் கண்ட நம் நாட்டு மாணவர், அதே இரசாயனத்தின் இவ்வமைந்த ஒளியையும் பயில்வாராக.