குன்னத்தில் முட்டை இட்டது யார்?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் மண் தோண்டியபோது, பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. படம் வாட்ஸ்அப்பில் ஏறியது. பொழுது விடிவதற்குள் அவை டைனோசர் முட்டைகள் ஆகிவிட்டன. முட்டை அல்ல, அம்மோனைட் படிவங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் உடனே சொன்னார்கள். சொல்லி என்ன பயன்? படம் சுற்றிய வேகத்தில் மறுப்பு சுற்றவில்லை.

உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை என்றால் பீரங்கிக் குண்டும் முட்டைதான்.

கிரிடேசியஸ் காலத்தில் அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடந்தது. கணவாயின் தூரத்து உறவான அம்மோனைட், சுருண்ட ஓட்டோடு அங்கே வாழ்ந்தது. அது செத்து அடிச்சேற்றில் புதைந்து அழுகியபோது, சேற்றுநீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு முதலிய கனிமங்கள் அதைச் சுற்றிப் படிந்து இறுகின. உருண்டை பிறந்தது அப்படித்தான். பிளந்தால் பல சமயம் நடுவே அந்த ஓட்டின் சுருள் தெரியும். டைனோசர்களோ தரையில் முட்டையிட்டவை. கடலடிச் சேற்றில் எந்த டைனோசர் போய்க் கூடு கட்டியது என்று படத்தை அனுப்பியவர்கள் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

உண்மையான முட்டைக்கு ஓடு உண்டு; உள்ளிருக்கும் குஞ்சு மூச்சுவிட அதில் நுண்துளைகள் உண்டு. ஓட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்கள் முடிவு சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இட்டவை டைட்டனோசர்கள், ராட்சத உடம்புக்காரர்கள். முட்டையின் குறுக்களவோ சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர்தான். அதே மாவட்டத்தின் பட்லியா கிராமத்தில் இத்தகைய நிஜ முட்டைகளைக் குலதெய்வக் கல்லாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அங்கே முட்டையைக் கல் என்றார்கள்; இங்கே கல்லை முட்டை என்கிறார்கள்.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. டைனோசர்கள் பூண்டோடு அழிந்தனவா? இல்லை; பறவைகள் அந்த வம்சத்தின் ஒரு கிளை. கோழிக்குழம்பு சாப்பிடுகிறவர் டைனோசர்தான் சாப்பிடுகிறார். வெலாசிராப்டர் ஆள் உயரமா? சினிமாவில் மட்டும், நிஜத்தில் வான்கோழி அளவு, முன்னங்கை எலும்பில் இறகு பதிந்த முண்டுகள் 2007இல் கண்டறியப்பட்டன. டைரனோசரஸும் ஸ்டெகோசரஸும் மோதிக்கொண்டனவா? இரண்டுக்கும் இடையே சுமார் 8 கோடி ஆண்டுகள். நமக்கும் டைரனோசரஸுக்கும் உள்ள இடைவெளி அதைவிடக் குறைவு.

குன்னத்துக் கல் முட்டை அல்ல என்பதால், பக்கத்து அரியலூருக்கு டைனோசரே வரவில்லை என்று பொருளல்ல. அங்கே கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசரஸ் என்னும் டைனோசரின் கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்டு, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் வரிசைக்கு மாற்றப்பட்டது. உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். சரிபார்க்க வழியில்லை, எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. படங்களும் குறிப்புகளுமே மிச்சம்.

ஆத்திரப்பட வேண்டியது இதற்குத்தான். பொய் முட்டைக்குத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்த நிஜ எலும்புகளுக்காகக் குரல் கொடுத்ததா? சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒவ்வொரு சுரங்கத்திலும் தொல்லுயிர் தெரிந்த ஒருவரை நிறுத்தச் சட்டம் வேண்டும். அதுவரை, வயலிலோ ஓடையிலோ விசித்திரமான கல் கண்டவர்கள் சுத்தியலைத் தூக்காமல், கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லட்டும். வாட்ஸ்அப்புக்கு அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.