மழை பெய்து எவ்வளவு நேரத்தில் உங்கள் ஓடை பெருகும்?

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. மலையில் பெய்த மழை அடிவாரத்துக்கு வந்துசேர ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு நேரம் உண்டு. உங்கள் ஊர் ஓடைக்கு அது எவ்வளவு என்பதை ஒரு மழைக்காலத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் குறியுங்கள்: நில அளவை வரைபடத்தில் ஓடையைச் சுற்றியுள்ள மலைமுகடுகளைக் கோட்டால் இணையுங்கள். அதற்குள் விழும் மழைதான் உங்கள் ஓடைக்கு வரும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1,000 கன மீட்டர் தண்ணீர்.

2. மழையை அளந்து எழுதுங்கள்: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை, மரமோ கட்டடமோ மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். மேட்டுப் பகுதியிலும் ஒன்று இருந்தால் நல்லது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவையும் நேரத்தையும் குறியுங்கள்.

3. நீர்மட்டத்தைக் கவனியுங்கள்: கோடையிலேயே பாலத்தூணில் சென்டிமீட்டர் கோடுகளைப் பெயின்டால் போட்டுவிடுங்கள். மழை நேரத்தில் கரையில் நின்றே பார்த்து, அதே 15 நிமிடக் கணக்கில் எழுதுங்கள். மழை விட்டதும் நிறுத்த வேண்டாம். பல ஓடைகளில் உச்ச வெள்ளம் அதற்குப் பிறகுதான் வரும்.

4. ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்: தண்ணீர் அமைதியாக ஓடும் நாளில், நேரான பகுதியில் 10 மீட்டர் அளந்து, ஒரு தேங்காய் நெற்றை மிதக்கவிடுங்கள். 20 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அடியில் ஓடும் நீர் மெதுவாகப் போவதால் 0.85-ஆல் பெருக்குங்கள். அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 510 லிட்டர் ஓடுகிறது. வெவ்வேறு நீர்மட்டங்களில் இப்படி அளந்து வைத்தால், பிறகு தூணைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லலாம்.

5. வரைபடம் போடுங்கள்: கிடைக்கோட்டில் நேரம், மேலிருந்து தொங்கும் பட்டைகளாக மழை, கீழே கோடாக ஓட்டம். மழையின் நடுப்பகுதிக்கும் வெள்ளத்தின் உச்சத்துக்கும் இடையிலுள்ள நேரமே உங்கள் ஓடையின் தாமதம். கோடு செங்குத்தாக ஏறி, மெல்லச் சரியும். மழை விட்டுப் பல நாள் கழித்தும் ஓடுவது நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நீர்.

6. மழைகளை ஒப்பிடுங்கள்: முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். அதே அளவு மழை ஈர மண்ணில் பெய்தால் உச்சம் உயரும். காடு அழிந்து கான்கிரீட் பெருகினால் வெள்ளம் விரைந்தும் உயர்ந்தும் வரும்.

கிடைத்த தாமதங்களில் மிகக் குறைந்ததை ஊராட்சிப் பலகையில் எழுதிவையுங்கள். மலையில் மேகம் கறுத்தால், ஓடையில் குளிப்பவர்களையும் ஆடுமாடுகளையும் உடனே கரையேற்றுங்கள்.