மாத்திரைக்கும் முகம் உண்டு!

கல்கண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பட்டை தீட்டியதுபோல் பல முகங்கள் தெரியும். நாம் விழுங்குகிற மாத்திரைக்குள் இருக்கும் மருந்திலும் பெரும்பாலானவை இப்படிப் படிகங்கள்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அவ்வளவுதான்! அந்த முகங்கள் எல்லாம் ஒரே குணம் உடையவையா? இல்லை என்கிறது விஞ்ஞானம்.

இதைக் கண்டுபிடிக்க உதவிய கருவியின் பெயர் அணுவிசை நுண்ணோக்கி. பின்னிக், குவேட், கெர்பர் என்ற மூவர் 1986-ல் உருவாக்கியது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எங்கள் பாகலூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டயல் கேஜ் தெரியும். அதன் முனை உலோகத்தைத் தடவிக்கொண்டே போகும். மேடு பள்ளம் இருந்தால் முள் ஆடும். இதுவும் அதே கதைதான். மெல்லிய பட்டையின் நுனியில் மிக மிகக் கூரான ஊசி. பட்டை வளைவதை லேசர் ஒளி காட்டிக் கொடுக்கும். பார்ப்பதற்குப் பதில் தடவி அறிகிற நுண்ணோக்கி!

ஆஸ்பிரினின் இரண்டு முகங்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 2001-ல் ஆஸ்பிரின் படிகத்தை அமிலத்தில் வைத்து, அது கரைவதை இந்தக் கருவியால் கவனித்தார்கள். ஒரு முகம் இன்னொன்றைவிடச் சுமார் ஆறு மடங்கு வேகமாகக் கரைந்தது. காரணம் மேற்பரப்பின் வேதியியல். ஒரு முகத்தில் தண்ணீரோடு ஒட்டுகிற அணுக்கூட்டம் அதிகம் வெளியே நிற்கிறது. இன்னொன்றில் எண்ணெய்போல் தண்ணீரை விலக்குகிற கூட்டம்.

நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கௌதம் தேசிராஜு, ராமமூர்த்தி குழுவினர் 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்பிரின் படிகத்தில் இரண்டு வகை உண்டு. மூலக்கூறு ஒன்றே, அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. இரண்டையும் நுண்ணிய ஊசி முனையால் அழுத்திப் பார்த்தார்கள். கடினம் வேறு வேறாக இருந்தது. அதோடு, இரண்டாவது வகையை அரைத்தால் அடுக்குகள் வழுக்கி, சீக்கிரமே முதல் வகையாக மாறிவிடுகிறது!

கல்வத்தில் சாமக்கணக்கில் அரைக்கச் சொல்லும் எங்கள் மருத்துவத்துக்கு இது சுவையான செய்தி. அரைப்பது பொடியாக்க மட்டும் அல்ல, பொருளையே மாற்றக்கூடும். பற்பம் விரல் ரேகையில் படிகிறதா, நீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பழைய சோதனை. அது பொடியின் நுண்மையைச் சொல்லும். உள்ளே என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். ஆகவே, பெயர் தெரியாதவரிடம் பற்பம், செந்தூரம் வாங்காதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* தாத்தாவால் விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை உரலில் போட்டு இடிக்காதீர்கள். குடலில் போய்க் கரைவதற்காக மேலுறை பூசிய ஆஸ்பிரின் உண்டு. இடித்தால் உறை போய்விடும், வயிற்றைப் புண்ணாக்கலாம்.

* மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடலாம். ஆபத்து! விழுங்கச் சிரமம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்க, வேறு வடிவத்தில் எழுதித் தருவார்.

* ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா? ஈரம் பட்டு மருந்து சிதைகிறது என்று அர்த்தம். தயங்காமல் அப்புறப்படுத்துங்கள்.

* குளியலறை அலமாரி, அடுப்பு மேடை இரண்டும் மருந்துக்கு ஆகாத இடங்கள்.

* காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு சந்தேகம் என்றால் பெரியவர்களும் தானாக வாங்கிப் போடக் கூடாது. இதயத்துக்காகத் தினமும் சாப்பிடுகிறவர்கள் உடனே தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

மருந்தின் பெயரும் அளவும் மட்டும் போதாது. அது எந்த வடிவில் இருக்கிறது என்பதும் மருந்தில் ஒரு பாதி!