முகத்தில் வெட்டு விழுந்த காசு

மேருவில் ஒரு மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாகக் கைக்கு வரும் இருபது சென் காசை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதில் நம் தேசிய மலரான செம்பருத்தி இருக்கிறது. 1950களில் மலாயாவில் புழங்கிய காசுகளிலோ எலிசபெத் அரசியாரின் முகம் இருந்தது. ஒரு மண்ணை ஆண்டவர் யார் என்பதைப் பெரும்பாலும் அதன் காசே சொல்லிவிடும்.

1898ஆம் ஆண்டு தமிழகத்தின் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையல் இதற்கு விலக்கானது. அதில் இருந்த 501 பொற்காசுகளும் உரோமாபுரிக் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தலைகள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. உரோமர் ஒருநாளும் தமிழகத்தை ஆண்டதில்லை. மிளகும் முத்தும் வாங்க வந்த கப்பல்களில்தான் அவர்களின் பொன் இங்கு வந்து சேர்ந்தது.

அக்காசுகளுள் பெரும்பாலானவற்றில் ஒரு வடு உண்டு. பேரரசரின் முகத்தின் குறுக்கே யாரோ உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஏன்?

உள்ளே இருப்பது பொன்தானா, மேற்பூச்சா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. அப்படியானால் ஓரத்தில் கீறினாலே போதுமே! தேடிப் பிடித்து முகத்தையே வெட்டுவானேன்? கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசுகள் இனிக் காசாகச் செல்லாது, எடைக்கு எடை பொன்னாக மட்டுமே செல்லும் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது மற்றொரு கருத்து. இதுவே சற்றுப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும், அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

காசு சேகரிப்போர் பலர் வடு இல்லாத காசையே விரும்புவர். விலையும் அதற்கே அதிகம். ஆனால், வரலாற்றை அறிய விரும்புபவருக்கு இந்த வெட்டுதான் பெருஞ்செல்வம். காசின் மற்ற கோடுகள் எல்லாம் உரோமாபுரி அரசின் ஆணைப்படி பொறிக்கப்பட்டவை. இந்த ஒரு கோடு மட்டும் அக்காசைப் பின்னாளில் கையில் வாங்கியவர் இட்டது. காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலோ உருக்கினாலோ அந்தத் தடயம் போய்விடும். பிறகு மிஞ்சுவது பொன் மட்டுமே.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ஒரு சேரர் வெள்ளிக் காசையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதிலும் உரோமாபுரிக் காசின் பாணியில் ஒரு தலை உண்டு. ஆனால், அத்தலைக்கு மேல் தமிழி எழுத்தில் இருக்கும் பெயர், ‘மாக்கோதை’.